ஜிகினாவும் வெற்றிடமும்

ஆண்டுக் கடைசி விடுமுறை நெருங்கினால் எங்கள் கடைத்தெருவில் எல்லோருக்கும் கலைக்கண் திறந்துகொள்ளும். மற்ற மாதங்களில் காலின் அளவைத் தவிர எதையும் ஊன்றிப் பார்த்தறியாத செருப்புக் கடைக்காரர், அந்தச் சமயத்தில் மட்டும் ஒரு போஸ்டரைக் கைநீட்டித் தூரப் பிடித்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது" என்பார். எது குறைகிறது என்று கேட்டால் சொல்லமாட்டார். சொல்லிவிட்டால் அது ரசனை இல்லையாம், வெறும் புகாராம்.

இந்த ரசனை மழை மொத்தமாகக் கொட்டும் இடம் தெருமுனை டிசைன் கடை. கீழே கடை, மேலே வீடு, நடுவில் ஒரு மரப்படி. உள்ளே நுழைந்ததும் மூக்கில் இங்க் வாசனை அடிக்கும். கொஞ்ச நேரம் நின்றால் படிவழியே வெங்காயம் வதங்கும் வாசனை இறங்கி வந்து அதோடு கலக்கும். பின் அறையில் பேனர் அடிக்கும் மெஷின், நீட்டிப் படுத்த யானைபோல், நாள் முழுக்க உஸ் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

கடை அண்ணன் தம்பி இருவருடையது. அண்ணனுக்குத் தெரு வைத்த பெயர் ஜிகினா. தாளில் காலி இடம் கண்டால் அவருக்குத் தாங்காது. விருந்தில் காலித் தட்டைப் பார்த்த வீட்டுக்காரர் மாதிரி ஓடிவந்து ஒரு ரிப்பனையாவது பரிமாறிவிடுவார். ரிப்பனுக்குத் துணையாக ஒரு பரிசுப் பெட்டி, பெட்டிக்குத் துணையாக மணி, மணி தனியாக இருக்குமே என்று நட்சத்திரம், எல்லாவற்றையும் சுற்றித் தங்க பார்டர். "கஸ்டமர் முழுத் தாளுக்கும் காசு கொடுக்கிறான். பாதியைச் சும்மா விட்டா அது திருட்டு" என்பது அவருடைய தர்மம்.

தம்பியின் பெயர் வெற்றிடம். வெளியூரில் ஒரு டிசைன் பயிற்சிக்குப் போய்வந்தவன். போகும்போது சாதாரண ஆளாகத்தான் போனான். வரும்போது கறுப்புச் சட்டையும், கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் ஜன்னலைப் பார்க்கும் பழக்கமும் கூடவே வந்தன. "கண்ணுக்கு மூச்சு விட இடம் வேணும்" என்றான். "கண்ணு எப்பருந்துடா மூச்சு விட ஆரம்பிச்சுது?" என்று ஜிகினா கேட்டார். வெற்றிடம் ஜன்னலைப் பார்த்தான்.

மெஷினை ஓட்டுகிறவள் ஜிகினாவின் மனைவி. வெற்றிடத்துக்கு அண்ணி; நாளடைவில் தெருவுக்கே அண்ணி. "எனக்கு மூத்த பிள்ளை இதுதான்" என்று மெஷினைத் தட்டிச் சொல்வாள். யாராவது அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டால், பெற்ற பிள்ளையைக் கிள்ளியதைப்போல் பாய்வாள். பேனரில் எழுத்துப்பிழை வந்தால் மட்டும் அவளிடம் கேட்க முடியாது. "நான் அச்சடிக்கிறவ. வாசிக்கிறது என் வேலை இல்ல" என்றுவிடுவாள்.

அந்தக் கடையில் வேலை நடக்கும் முறை இதுதான்: ஜிகினா வரைவார், வெற்றிடம் அதில் வார்த்தைகளைப் போடுவான், கடைசியாக ஜிகினா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருமுறை சரிபார்ப்பார். கடைக்காரர்கள் யாரும் வாசகத்தை நேரத்துக்குத் தருவதில்லை. "படம் ரெடியாகட்டும், வார்த்தையை அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அதுவரை எழுத்து வரும் இடத்தில் ஏதாவது டம்மி வரி வேண்டும். ஒருநாள் அண்ணி படியின் உச்சியில் நின்று வழக்கம்போல் கத்தினாள். வெற்றிடம் கைக்கு வந்ததை அப்படியே தட்டினான்:

சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் மேல வாங்க.

அன்றிலிருந்து அதுவே கடையின் டம்மி வரி. நகைக்கடை விளம்பரமோ நாய்க்குட்டி காணவில்லை அறிவிப்போ, எதுவானாலும் முதலில் அந்த இடத்தில் சாப்பாடு ஆறும். பிறகுதான் தங்கம் விலை குறையும்.

போன விடுமுறை சீசனில் சண்டை வந்தது. சொத்துக்காக இல்லை, ஒரு நட்சத்திரத்துக்காக. பொம்மைக் கடை போஸ்டரில் ஜிகினா ஒரு நட்சத்திரம் வைத்தார். வெற்றிடம் எடுத்தான். அவர் வைத்தார். அவன் எடுத்தான். போஸ்டர் நட்சத்திரமில்லாமல் அச்சாகிவிட்டது. ஜிகினா உட்கார்ந்து தகதகக்கும் காகிதத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டி, பசை தடவி, ஒவ்வொரு போஸ்டரிலும் தன் கையாலேயே ஒட்டினார். வெற்றிடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பிளைவுட் வாங்கிவந்து கடையை நடுவில் தடுத்தான்.

பேச்சு நின்றது. அதோடு வெற்றிடம் மேலே சாப்பிடப் போவதும் நின்றது. மாடியில் அவன் அறை இருந்தும் தடுப்புக்குப் பின்னாலேயே படுத்தான். பேக்கரி பன்னை டீயில் நனைத்துத் தின்று உடம்பு வளர்த்தான். வளரவில்லை என்பது வேறு விஷயம். மெஷினை மட்டும் அறுத்துப் பங்கு போட முடியாததால் அண்ணி இருவருக்கும் பொதுவாக இருந்தாள். சாப்பாட்டு வேளையில் அவள் இப்போதெல்லாம், "சாப்பாடு ஆறுது, மேல வாங்க" என்று மட்டும் சொன்னாள். "ரெண்டு பேரும்" என்பது போய்விட்டது.

இந்த வருஷம் சீசன் தொடங்கும்போது வெற்றிடம் மெஷின் அறைக்கு வந்து நின்றான்.

"அண்ணி, சீசன் முடிஞ்சதும் நான் கிளம்புறேன். வேற ஊர்ல ஒரு கம்பெனில கூப்பிடுறாங்க."

அண்ணி இங்க் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அங்க போய் என்ன பண்ணுவ?"

"டிசைன்தான்."

"அதைக் கேக்கல. அங்க என்ன திம்ப?"

அவன் ஜன்னலைத் தேடினான். அந்த அறையில் ஜன்னல் இல்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜிகினாவின் நாற்காலி கிறீச்சிட்டது. எல்லாம் கேட்டிருக்கும். சுவருக்குக் காது உண்டு என்பார்கள். பிளைவுட் முழுக்கக் காதுதான். அவர் உரக்க, காற்றைப் பார்த்துச் சொன்னார்: "போறவங்க தாராளமாப் போகட்டும். யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல." அன்று மாலை அவர் வரைந்த பரிசுப் பெட்டிகள் எல்லாம் ஒருபக்கம் சரிந்திருந்தன.

ஆக, மீதமிருந்தது சீசன் மட்டும். அது முடிந்தால் அந்த வீடும் இரண்டு.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். வியாபாரிகள் சங்கத் தலைவர், திரைச்சீலைக் கடை முதலாளி. தொழில் காரணமாக அவருக்கு எதையும் முதலில் மூடி, பிறகு திறந்து காட்டுவதில் பிரியம். வந்தவர் தடுப்பின் முனையில், இரு பக்கமும் தெரியும்படி நின்றார்.

"இந்தத் தடவை தெரு வாசல்ல பெரிய வளைவு வைக்கிறோம். ரெண்டு பக்கமும் பேனர். உலகத் தரத்துல இருக்கணும்."

"எந்த உலகம் தலைவரே?" என்றார் ஜிகினா.

"எல்லா உலகமும். தெருவுக்குள்ள வர்றவங்க பார்க்கிற பக்கம் நீ பண்ணு. வெளிய போறவங்க பார்க்கிற பக்கம் தம்பி பண்ணட்டும். யாரு பெரியவங்கன்னு சண்டை வேணாம்."

"வெளிய போறவங்க பக்கம் பொருத்தமாத்தான் இருக்கும்" என்றார் ஜிகினா காற்றிடம்.

"அண்ணி," என்றான் வெற்றிடம் தடுப்புக்கு அந்தப்புறமிருந்து, "உள்ள வர்ற கூட்டம் பயந்து திரும்பி ஓடுனா, அவங்களும் என் பக்கத்தைத்தான் பார்ப்பாங்கன்னு சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் காது இருக்கு. நான் என்ன தபால்காரியா?" என்றாள் அண்ணி.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வாழ்த்துச் செய்தியை நானே எழுதறேன். கவிதையா வருது. அப்புறம், என் படம் கொஞ்சம் பெருசா..."

வேலை தொடங்கியது. வெளியே சன்னத் தூறல், குளிர்காற்று, கடைகளின் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம். வெற்றிடம் தன் பக்கச் சுவரில் ஒரு தாளை ஒட்டினான். தலைப்பு: விடுமுறைக் கால டிசைன் விதிகள். எழுத்துருவில் இரண்டுக்கு மேல் தொடாதே. சிவப்பும் பச்சையும் தவிர உலகில் வேறு நிறங்களும் உண்டு. பனி பெய்யாத ஊரில் பனி வரையாதே. தங்கத்தை மூக்குத்திபோல் வை, கவசம்போல் அல்ல. ஐயம் இருந்தால் நீக்கு.

போஸ்டர் கேட்டு வந்த பேக்கரிக்காரம்மா அதை வாய்விட்டு வாசித்தாள். "ஐயம் இருந்தா நீக்குவா? எனக்கு என் வீட்டுக்காரர் மேலயே ஐயம் இருக்கு தம்பி."

தடுப்புக்கு அந்தப்புறம் ஒரு சிரிப்பு வெடித்தது. வெடித்த வேகத்தில் இருமலாக மாற்றப்பட்டது.

மறுநாள் ஜிகினா பக்கச் சுவரிலும் ஒரு தாள் இருந்தது. ஒரே ஒரு விதி: குறைவாக வைத்துக் குறை கேட்பதைவிட, நிறைய வைத்துத் திட்டு வாங்கு. அதைச் சுற்றி பார்டர்.

வெற்றிடம் உத்வேகம் தேடி நடக்கப் போவான். உத்வேகம் பெரும்பாலும் பேக்கரிப் பக்கமே இருந்தது. ஜிகினாவுக்கு அது தேட வேண்டியதில்லை; மாடிக்கொடியில் காயும் துணியைப் பார்ப்பார், கீழே வந்து நிறம் போடுவார். அந்த வருஷ வளைவின் முன்பக்கத்தில் செம்மஞ்சளும் ஊதாவும் ஒன்றுகூடியதற்குக் காரணம், அண்ணியின் ஒரு துவாலையும் அவருடைய பழைய சட்டையும் என்பதை விவரமறிந்தவர்கள் கண்டுகொண்டோம்.

இரண்டு டிசைனும் தலைவரின் போனுக்குப் போயின. அவர் விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். பார்த்ததெல்லாம் தன் முகத்தை. முன்பக்கத்தில் அது தங்கச் சட்டத்துக்குள் நிலவுபோல் இருந்தது. திருப்தி. பின்பக்கத்தில் தபால்தலை அளவு.

"தம்பி, இது நான்தானா?"

"சின்னதா இருந்தாத்தான் தலைவரே மதிப்பு. தூரத்து மலை மாதிரி."

மலை என்றதும் தலைவர் அடங்கிவிட்டார். இரண்டுக்கும் சம்மதம் சொன்னார். நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை, தன் முகம் இல்லாத இடம் என்பதால், அவர் பார்க்கவே இல்லை.

வாழ்த்துக் கவிதை கடைசி நாள் பகலில்தான் வந்தது, குரல் பதிவாக. அதில் மானுடம் நான்கு இடத்தில் மலர்ந்தது. தலைவர் அதைப் பெரியவர் என்ற மரியாதையில் ஜிகினாவுக்கு அனுப்பினார். ஜிகினா அதைக் கேட்டுவிட்டு, போனை அண்ணியிடம் கொடுத்து, "அந்தப் பக்கம் அனுப்பிடு" என்றார். அனுப்பியதும் அவர் மனம் நிம்மதி அடைந்தது. எத்தனையோ வருஷமாக அவர் வேலை வரைவதோடு சரி, வார்த்தை போடுவது தம்பி. தம்பிக்குப் போய்விட்டது, எனவே போட்டாயிற்று. நடுவே பிளைவுட் இருப்பது அவர் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. டம்மி வரியோடு ஃபைலை மெஷினுக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவப் போனார்.

வெற்றிடம் கவிதையைத் தட்டினான். கம்ப்யூட்டரில் வரைவது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது மாதிரி. வேண்டாத தாளை மறைத்தும் வைக்கலாம். கவிதைத் தாளை மறைத்தான். அடியில் பழைய டம்மி வரி மட்டும், பெரிய வெள்ளையின் நடுவே, சின்னதாக நின்றது. அவனுக்குக் கண் மூச்சு விட்டது. எவ்வளவு அழகு! கவிதையைத் திரும்பக் காட்ட மனம் வரவில்லை. ஒரு நடை போய்வந்து காட்டலாம் என்று கிளம்பினான். பேக்கரியிலிருந்து திரும்பியதும் அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டான். அனுப்பும் முன் ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆனால் கடைசியாகப் பார்ப்பது எப்போதுமே அண்ணன் வேலை.

மெஷின் உஸ் உஸ் என்றது. இரண்டு பேனரும் மெல்ல மெல்ல வெளியே வந்தன. அண்ணி ஓரங்களை மடித்து, வளையம் அடித்து, சுருட்டிக் கட்டினாள். அவளுக்குத்தான் வாசிக்கிற வேலை இல்லையே.

திறப்பு விழா மறுநாள் மதியம். தூறல் நின்று, வெயில் புதுத்துணிபோல் விறைப்பாக அடித்தது. வளைவின் இருபக்கமும் தலைவர் கடையின் விலை அதிகமான சிவப்புத் திரை. கீழே தெருவே கூடியிருந்தது. ஜிகினா முன்பக்கக் கூட்டத்தில் நின்றார். வெற்றிடம் பின்பக்கக் கூட்டத்தில். இடையில் தலைவரும் ஒலிபெருக்கியும்.

"ஒரு வாசகம்," என்றார் தலைவர், "மனுஷனை மாத்தணும். தூக்கம் வராம யோசிச்சு, உள்ளத்தைப் பிழிஞ்சு நானே எழுதினது, இதோ!"

இரண்டு கயிறும் ஒருசேர இழுக்கப்பட்டன.

முன்பக்கம்: மணிகள், ரிப்பன்கள், சரியாத பெட்டிகள், எண்ண முடியாத நட்சத்திரங்கள், தங்க பார்டருக்குள் தங்க பார்டர், அதற்குள் தலைவர் முகம். முகத்துக்கு நேர் கீழே, ஊதா நிழல் விழும் செம்மஞ்சள் எழுத்தில்:

சாப்பாடு ஆறுது, ரெண்டு பேரும் மேல வாங்க.

தெரு அண்ணாந்து அதை ஒருமுறை எழுத்துக்கூட்டியது. பிறகு பேக்கரிக்காரம்மா ஆரம்பித்த சிரிப்பு, கையில் குழந்தை வைத்திருந்தவர்கள், பை வைத்திருந்தவர்கள், ஏணி பிடித்திருந்தவர் என்று பரவி, ஏணியே ஆடத் தொடங்கியது.

ஜிகினாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வார்த்தை போடுவது அவன் வேலை. வேண்டுமென்றே செய்திருக்கிறான். வேட்டை நாய்போல் வளைவுக்கு அடியில் பாய்ந்தார். அந்தப் பக்கமிருந்தும் ஒரு கறுப்புச் சட்டை பாய்ந்து வந்தது. சரிபார்ப்பது அவர் வேலை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்று அதற்கும் கோபம். இருவரும் நேர் நடுவில் முட்டிக்கொள்ளப் பார்த்து நின்றார்கள். அந்த வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றது அப்போதுதான்.

"ஏன்டா என் பக்கத்துல..."

"உன் பக்கமா? என் பக்கத்துல எப்படி..."

"உன் பக்கத்துலயுமா?"

இருவரும் இடம் மாறிப் போய்ப் பார்த்தார்கள். ஜிகினா பின்பக்கத்தை அண்ணாந்தார். ஒரு வயல் அளவு வெள்ளை. நடுவில் எறும்பு வரிசைபோல் அதே வரி. வெற்றிடம் முன்பக்கத்தை அண்ணாந்தான். கண் கூசியது; வெயிலால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரும்ப நடுவுக்கு வந்தார்கள்.

"நீ இன்னும் இதையேதான் டம்மியா வச்சிருக்கியா?" என்றார் ஜிகினா.

"நீ மாத்திட்டியா என்ன?"

"எனக்கு எங்கடா உன்ன மாதிரி தட்டத் தெரியும்? நீ என்னைக்கோ போட்டுக் கொடுத்ததுதான். அதையே எடுத்து எடுத்து..." மூக்கைத் துடைத்தார். "தூசி. பெயின்ட் நெடி."

"பிளெக்ஸ்ல ஏது அண்ணா பெயின்ட்?"

ஒலிபெருக்கிப் பக்கம் தலைவர் சிவந்து, வெளிறி, மறுபடி சிவந்தார். அப்போது ஒரு வயதான தம்பதி அவரிடம் வந்தார்கள். அந்த அம்மா கணவரின் முழங்கையைப் பிடித்திருந்தாள். "காலையில இருந்து இவரோட பேசல. இதைப் படிச்சதும் சிரிச்சுட்டேன். நல்லா எழுதியிருக்கீங்க. சாப்பிட மேல எங்க போகணும்?"

தலைவர் ஒரு நொடிதான் யோசித்தார். தலைவராக இருப்பதற்கு அந்த ஒரு நொடி போதும்.

"குடும்ப ஒற்றுமைதான் என் கவிதையோட கரு" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். "நீளமா எழுதினேன். அப்புறம் சுருக்கினேன்."

மேல என்றால் எங்கே என்று பலரும் கேட்டார்கள். தெருவில் மாடியில் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. படி செங்குத்து என்று ஒருவரும் ஏறியதில்லை. அன்று அந்தப் படியில் ஜோடி ஜோடியாக வரிசை நின்றது. கடைக்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்து, "யாருங்க இத்தனை பேரையும் கூப்பிட்டது?" என்று அலறினார். இன்னொரு மாடியில் இருந்த பல் வைத்தியரிடமும் இரண்டு ஜோடி ஏறிப்போய், விவரம் தெரிந்து இறங்கி வந்தது.

அந்தச் சந்தடிக்கு நடுவில் தெருமுனை வீட்டின் மாடி ஜன்னல் திறந்தது.

"சாப்பாடு ஆறுது! ரெண்டு பேரும் மேல வாங்க!"

தெருவே பேனரைப் பார்த்தது. இரண்டு பேர் மட்டும் ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு இருவரும், யார் முதலில் நகர்ந்தது என்று தெரியாதபடி, நகர்ந்தார்கள். மரப்படியில் வெற்றிடம் ஒரு கணம் தயங்கினான். பின்னால் வந்த ஜிகினா அவன் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். "நடுவுல நின்னு மூச்சு விடாத. ஏறு."

மேலே மூன்று தட்டுகள் போட்டிருந்தன. சூப், உருளைக்கிழங்கு வறுவல், முட்டை, சோறு. சட்டி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. அதாவது சமைத்து வெகுநேரம் ஆகிவிட்டது. மூன்று பேருக்குத் தாராளமாக.

வெற்றிடம் தட்டுகளைப் பார்த்தான். "அண்ணி, நேத்து பேனர் மெஷின்ல வரும்போது நீங்க அதை..."

"நான் அச்சடிக்கிறவ" என்றாள் அண்ணி. "உக்காரு. முட்டை ரெண்டு வைக்கவா, மூணா?"

"மூணு."

"அந்த ஊர்ல யாரு மூணு வைப்பா?"

அவன் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டான். ஜன்னலைப் பார்க்கவில்லை. சூப் ஆறித்தான் போயிருந்தது. மூவரும் உறிஞ்சிக் குடித்த சத்தம் கீழே மெஷின் அறைவரை கேட்டிருக்கும்.

தட்டு காலியானபோது ஜிகினா தாடையைத் தடவினார். "உன் பக்கம்... சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருந்துச்சு."

"உன்னோடதும். தூரத்துல இருந்து பார்த்தா."

"எவ்வளவு தூரம்?"

"பக்கத்து ஊர்."

அண்ணிக்குப் புரையேறியது. ஜிகினா அசரவில்லை. "ஆனா அவ்வளவு வெள்ளைடா. ஒரு மூலையில ஒரே ஒரு..."

"வேணாம்."

"சின்னதா."

வெற்றிடம் தண்ணீரைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். "ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. இடத்தை நான் சொல்லுவேன்."

அந்த வாரத்திலேயே பிளைவுட் தடுப்பு பிரிக்கப்பட்டது. வெற்றிடம் அந்த ஊர் கம்பெனிக்குப் போன் செய்து, வரமுடியாததற்கு இங்கே சாப்பாட்டு வசதி இருப்பதாகக் காரணம் சொன்னான். பிளைவுட்டில் அண்ணி பேனர் வெட்ட ஒரு மேஜை செய்துகொண்டாள். அதன்மேல் டீ கிளாஸ் வைக்கலாம்.

தடுப்பைப் பிரித்த மறுநாள் காலையில் வளைவில் ஏணி சாய்ந்திருந்தது. ஜிகினா உச்சியில், தன் கையால் வெட்டிய தகதக நட்சத்திரத்தோடு. வெற்றிடம் கீழே ஏணியைப் பிடித்தபடி, ஒற்றைக் கண்ணை மூடி, "இடது... இன்னும் இடது... அண்ணா, அவ்வளவு ஒட்டாத, மூச்சு விடட்டும்" என்றான். மேலிருந்து வந்த பதிலை அச்சில் போட முடியாது. கடைசியில் வெள்ளையின் ஒரு மூலையில் நட்சத்திரம் உட்கார்ந்து வெயிலில் கண்சிமிட்டியது. இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். நன்றாகவே இருந்தது. ஒப்புக்கொள்ள இருவருக்கும் கஷ்டமாக இருந்தது.

கடை திறக்க வந்த செருப்புக் கடைக்காரர் அவர்கள் பக்கத்தில் நின்றார். கையை நீட்டினார், தலையை ஒருபக்கம் சாய்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது."

மாடி ஜன்னலில் அண்ணியின் தலை தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணனும் தம்பியும் ஏணியைத் தோளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டார்கள்.

"குறையட்டும்" என்றார் ஜிகினா, நடந்துகொண்டே.

"சாப்பாடு ஆறுது" என்றான் வெற்றிடம்.